கேப் விறைப்பாக இருந்தால் தகைவு கூடுமா? ஜிர்கோனியா கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் முடிந்துவிட்டது, மேலே கேப் போட வேண்டும். ஒரு மருத்துவர் ஜிர்கோனியா என்ற வலுவான பீங்கான் என்கிறார். இன்னொருவர், "அது ரொம்ப விறைப்பு, பல்லுக்கு ஆகாது, லித்தியம் டைசிலிகேட் போடுங்க" என்கிறார்; அது ஒரு கண்ணாடிப் பீங்கான். மூன்றாமவர், பல்லைப் போலவே வளைந்து கொடுக்கும் ரெசின் (பிளாஸ்டிக் வகை) கலந்த பிளாக்கைக் கடைந்து செய்யும் கேப்தான் நல்லது என்கிறார். பொருளின் விறைப்பு கூடினால் கேப்புக்குள் தகைவு (stress, அதாவது ஒவ்வொரு சதுர அளவிலும் எழும் உள்விசை) கூடுமா, குறையுமா? யார் சொல்வதை நம்புவது?

முதலில் நேரடியான பதில். மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருந்தால், விறைப்பான கேப்புக்குள் தகைவு கூடத்தான் செய்யும். அந்த இரண்டாவது மருத்துவர் இதுவரை சொன்னது சரி. ஆனால் இதை வைத்து அது உடையும் என்றோ, பல்லைக் கெடுக்கும் என்றோ சொல்லிவிட முடியாது. கேப்பின் விறைப்பு மட்டும் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. அதற்கு அடியில் இருப்பது எவ்வளவு விறைப்பு, கேப் எவ்வளவு தடிமன், அந்தப் பொருள் எவ்வளவு தகைவில் உடையும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முடியும்.

சில எண்களை முன்னே வைத்துக்கொள்வோம். விறைப்பை அளப்பது யங் குணகம்; அலகு ஜிகாபாஸ்கல். பல்லின் உள்பகுதியான டென்டினுக்கு அது சுமார் 18. வெளித்தோடான எனாமலுக்கு 80-ஐ ஒட்டி. பழைய வகைப் போர்சிலினுக்கு 65 முதல் 70, லித்தியம் டைசிலிகேட்டுக்கு 95, ஜிர்கோனியாவுக்கு 210, அலுமினாவுக்கு 380-ஐ ஒட்டி. ஒட்டப் பயன்படும் ரெசின் சிமென்ட் பெரும்பாலும் 10-க்கும் கீழே. ரூட் கெனால் முடிந்த பல்லில் உள்ளே கட்டி எழுப்பும் ரெசின் கோர் 10 முதல் 15. வார்ப்புத் தங்கக் கலவை 80 முதல் 100, நிக்கல்-குரோமியம் 200 பக்கம். டென்டினைவிட ஜிர்கோனியா ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு விறைப்பு என்பது இதிலிருந்து தெரியும்.

வலிமை வேறு கணக்கு. எந்தத் தகைவில் உடையும் என்பது அது, மெகாபாஸ்கலில் சொல்வார்கள். லித்தியம் டைசிலிகேட் சுமார் 400, வழக்கமான ஜிர்கோனியா 1000 பக்கம், போர்சிலின் 100-க்கும் கீழே. விறைப்பும் வலிமையும் சேர்ந்தே கூடும் என்ற கட்டாயம் இல்லை. இதற்கு ஒரு முக்கியமான உதாரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இப்போது கேப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு கண்ணாடித் தகட்டைக் கருங்கல் மேடைமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அதே தகட்டை மெத்தைமேல் வைத்து அழுத்தினால் தகடு வளையும், விரிசல் அடிப்பக்கத்திலிருந்து கிளம்பும். விரல் பட்ட மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. பீங்கான் வகைகள் அமுக்கத்தை எவ்வளவோ தாங்கும், இழுப்பைத்தான் தாங்காது. பல்லில் டென்டின்தான் மெத்தை. கடிக்கும்போது டென்டின் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிறது, மேலே இருக்கும் கேப் கொடுக்க மறுக்கிறது. சுமையைக் கேப் தானே வளைந்து சுமக்க வேண்டியதாகிறது. அதனால் மிகப் பெரிய இழுவைத் தகைவு எழுவது, கடிக்கும் இடத்துக்கு நேர்கீழே, சிமென்ட் ஒட்டியிருக்கும் உள்பரப்பில். கேப் விறைப்பாக ஆக, டென்டினோடு உள்ள விறைப்பு வித்தியாசம் கூடக் கூட, கேப் தன்மீது இழுத்துக்கொள்ளும் பங்கும் கூடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. வாயில் உடைந்த கேப்புகளின் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் படிக்கும் துறையே இருக்கிறது. உடைந்த பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய வரிகள் தெரியும். விசிறிபோல விரிந்து போகும் வரிகள், குறுக்கே வளைந்து நிற்கும் வரிகள். குறுக்கு வரிகள் விரிசல் கொஞ்சம் தயங்கி நின்ற இடத்தைக் காட்டும். விரியும் வரிகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால் ஒரு புள்ளிக்குப் போய்ச் சேரும். உடைப்பு அங்கேதான் பிறந்தது. பல் பீங்கான் ஆய்வாளர் ராபர்ட் கெல்லியும் அவருடைய குழுவினரும் 1990-இல் டைகோர் என்ற அந்தக் காலக் கண்ணாடிப் பீங்கான் கேப்புகளை இப்படி ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றில் அந்தப் புள்ளி கேப்பின் உள்பரப்பில் இருந்தது. நோயாளி, "கல்லைக் கடிச்சேன், மேலே உடைஞ்சது" என்பார். உடைப்பு தொடங்கியதோ அடியில், அதுவும் அநேகமாகப் பல நாள் முன்னாலேயே.

பல நாள் என்று சொல்லக் காரணம் எச்சில். கண்ணாடித்தன்மை உள்ள பீங்கானில் நீர் மூலக்கூறுகள் விரிசலின் முனைக்குள் போய் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்புகளை அறுக்கும். ஒவ்வொரு மெல்லலிலும் விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும். ஆகவே ஆய்வகத்தில் ஒரே அமுக்கில் உடைக்கும்போது கிடைக்கும் வலிமை, வாய்க்குள் ஐந்து வருடம் ஓடியபின் கையில் இருக்காது.

இதற்கு ஒரு சுருக்கமான சூத்திரம் உண்டு. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தில் பிரையன் லான் குழுவினர், மென்மையான அடித்தளத்தின்மேல் ஒட்டிய பீங்கான் அடுக்கை வைத்து இதைக் கொண்டுவந்தார்கள். அடிப்பரப்பில் எழும் தகைவு, சுமைக்கு நேர்விகிதம். தடிமனின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். கேப்பின் விறைப்பை அடித்தளத்தின் விறைப்பால் வகுத்து வரும் எண்ணின் மடக்கைக்கு நேர்விகிதம். விஷயமே இந்த வர்க்கமும் மடக்கையும்தான். தடிமன் வர்க்கமாக வருவதால் சின்ன மாற்றமும் பெரிதாகப் பேசும். விறைப்பு மடக்கையாக வருவதால் பெரிய மாற்றமும் அடக்கியே பேசும்.

போட்டுப் பார்ப்போம். லித்தியம் டைசிலிகேட் டென்டின்மேல்: 95-ஐ 18-ஆல் வகுத்தால் 5.3, மடக்கை 0.72. ஜிர்கோனியா: 210-ஐ 18-ஆல் வகுத்தால் 11.7, மடக்கை 1.07. விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியும், அதே தடிமனில் அதே கடியில் தகைவு சுமார் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. ஆனால் வலிமை 400-இலிருந்து 1000-க்குப் போகிறது, அதாவது இரண்டரை மடங்கு. அதிகத் தகைவைத் தன்மீது இழுத்துக்கொண்டும் ஜிர்கோனியா முன்னால் நிற்பது இதனால்தான். "விறைப்பு, அதனால் உடையும்" என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

தடிமனை எடுங்கள். 1.5 மி.மீ. கேப்பை 1 மி.மீ. ஆக்கினால் தகைவு 2.25 மடங்கு. 1 மி.மீ.-ஐ அரை மி.மீ. ஆக்கினால் 4 மடங்கு. பொருளை மாற்றுவதால் வரும் ஒன்றரை மடங்கெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. பல்லைக் குறைவாகச் செதுக்கிவிட்டு, கடி இடிக்கிறது என்று மேலே அரைத்து அரைத்து மெல்லும் பரப்பின் நடுக்குழியில் காகிதம் போலாக்கிவிட்டால் எந்தப் பொருளும் பதில் சொல்லாது.

சரி, அந்த முக்கியமான உதாரணம். இப்போது லேப்களில் "அதிக ஒளி ஊடுருவும்" ஜிர்கோனியா என்று ஒன்று வருகிறது. இட்ரியா என்ற ஆக்சைடின் சேர்மானம் கூட்டப்பட்டது, அழகாக இருக்கும், முன்பல்லுக்கும் போடலாம். அதன் விறைப்பு பழைய ஜிர்கோனியாவைப் போலவே 200-க்கு மேல். வலிமையோ 600 பக்கம். விரிசல் முனையில் படிகம் வடிவம் மாறி அதைத் தடுத்து நிறுத்தும், ஜிர்கோனியாவுக்குப் பெயர்பெற்ற தன்மையும் இதில் ஏறக்குறைய இல்லை. கணக்கைத் திரும்பப் போடுங்கள்: லித்தியம் டைசிலிகேட்டைவிடத் தகைவு ஒன்றரை மடங்கு, வலிமையும் ஒன்றரை மடங்கு. வரவும் செலவும் சரியாகிவிட்டது. ஜிர்கோனியா என்ற பெயரை நம்பி இதை அரை மி.மீ. தடிமனில் கடைவாயில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. லேப் தரும் வாரண்டி அட்டையில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கலாம், எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்.

இனி அடித்தளம். பலரும் கவனிக்காமல் விடும் பக்கம் இதுதான், எனக்குப் பிடித்த பக்கமும் இதுதான். சூத்திரத்தில் கேப்பின் விறைப்பு தனியாக வருவதில்லை, விகிதமாக வருகிறது. அப்படியானால் அடியில் இருப்பதை விறைப்பாக்கினாலும் தகைவு குறைய வேண்டும். சுசான் ஷெரர், டி ரைக் என்ற ஆய்வாளர்கள் 1993-இல் வெவ்வேறு விறைப்புள்ள அடித்தளங்களில் பீங்கான் கேப்புகளை ஒட்டி உடைத்துப் பார்த்தார்கள்; அடித்தளம் விறைக்க விறைக்க, உடைக்கத் தேவைப்பட்ட சுமையும் ஏறியது. இது ஆய்வகம். வாயிலும் சாட்சி இருக்கிறது. பாஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் கென்னத் மாலமென்ட், சோக்ரான்ஸ்கியோடு சேர்ந்து டைகோர் கேப்புகளைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதியவர். அமிலத்தால் அரித்து ஒட்டிய கேப்புகளில், வார்ப்புத் தங்கக் கோரின்மேல் உட்கார்ந்தவை, டென்டின்மேல் உட்கார்ந்தவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. டைகோரின் விறைப்பு 70 பக்கம், தங்கக் கலவையும் அதையொட்டியே. விகிதம் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கேப் வளைய வேலையே இல்லை.

எனாமலும் அப்படித்தான். முன்பல்லில் ஒட்டும் வெனீர் அரை மி.மீ.தான், பொருளோ வலிமை குறைந்த போர்சிலின். அதெப்படி வருடக்கணக்கில் நிற்கிறது? அடியில் எனாமல் இருக்கும்வரை நிற்கும். எனாமலின் விறைப்பு போர்சிலினுக்குச் சமானம். செதுக்கும்போது எனாமலைத் தாண்டி டென்டினுக்குப் போய்விட்டால் அதே வெனீர் மெத்தைமேல் உட்கார்ந்த மாதிரிதான். ஒட்டும் பிடிப்பும் அங்கே குறைவு.

உங்கள் பல்லில் ரூட் கெனால் முடிந்து உள்ளே ரெசின் கோர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் விறைப்பு 12 என்று வைத்தால், லித்தியம் டைசிலிகேட்டுக்கு விகிதம் 7.9, மடக்கை 0.9. டென்டின்மேல் 0.72. கோர் பெரிதாக இருந்தால் கேப்புக்குள் தகைவு கால் பங்கு ஏறும் என்று அர்த்தம். பயப்படும் அளவு இல்லை, ஆனால் தடிமனில் கஞ்சத்தனம் பண்ணாமல் இருக்க இது ஒரு காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பீங்கான் கேப் "மூவாயிரம் நியூட்டன் தாங்கியது" என்றெல்லாம் விளம்பரங்களில் பார்த்தால், எதன்மேல் வைத்து உடைத்தார்கள் என்று கேளுங்கள். எஃகு அச்சின்மேல் வைத்தால் கேப் வளையாது. உள்பரப்பில் இழுவை எழாது. கடைசியில் மேல்பரப்பு நொறுங்கித்தான் உடையும். வாயில் கேப் அப்படி உடைவதில்லை. கடைவாயில் முழுபலத்தோடு கடித்தாலும் பெரும்பாலோருக்கு 500 முதல் 700 நியூட்டன், சாதாரண மெல்லலில் அதைவிட எவ்வளவோ குறைவு. அதனால்தான் கெல்லி போன்றவர்கள் டென்டினைப் போல நடந்துகொள்ளும் கண்ணாடியிழை-எப்பாக்சி அடித்தளத்தில், நீருக்குள், திரும்பத் திரும்பச் சுமையேற்றும் சோதனைக்கு மாறினார்கள்.

சிமென்ட் பற்றிக் கொஞ்சம். கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் மிக மென்மையான அடுக்கு அதுதான். மெல்லியதாக, 50 முதல் 100 மைக்ரான் இருக்கும்வரை அதன் மென்மை பெரிதாக உறைக்காது. அதுவும் நன்றாக ஒட்டிப்பிடித்திருந்தால் உள்பரப்பின் நுண்விரிசல்களைத் திறக்க விடாமல் பிடித்து வைக்கும். லிலியானா மே, கெல்லி முதலியோர் 2012-இல் போர்சிலின் கேப்புகளில் இதைக் காட்டினார்கள்: மெல்லிய சிமென்டில் ஒட்டுதலால் கிடைத்த லாபம், சிமென்ட் அரை மி.மீ.-ஐ நெருங்கியபோது கரைந்தே போனது. கெட்டியான சிமென்ட் இறுகும்போது அதிகம் சுருங்கி, கடிக்கும் முன்பே உள்பரப்பை இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆக, கேப் தொளதொளவென்று இருந்தால் "சிமென்ட் நிரப்பிவிடும்" என்று விடக் கூடாது.

அப்புறம் அந்த மூன்றாவது யோசனை. கேப்பையே டென்டின் மாதிரி மென்மையாக்கிவிட்டால் தகைவு வராதே? கேப்புக்குள் வராது, உண்மை. ஆனால் கடிக்கும் விசை எங்கே போகும்? 2010-களின் தொடக்கத்தில் த்ரீ எம் நிறுவனம் லாவா அல்டிமேட் என்ற ரெசின் கலந்த பிளாக்கைக் கொண்டுவந்தது. விறைப்பு 13 பக்கம், டென்டினைவிடவே குறைவு. மெல்ல இதமானது, அதிர்ச்சியைத் தாங்கும் என்றெல்லாம் பேசப்பட்டது. 2015 ஜூனில் அந்த நிறுவனமே அதை முழுக் கேப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று பயன்பாட்டுப் பட்டியலிலிருந்து எடுத்தது. பல்லின் ஒரு பகுதியை மட்டும் நிரப்பும் இன்லே, ஆன்லே, பிறகு வெனீர் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. எதிர்பார்த்ததைவிட அதிகமான கேப்புகள் பல்லிலிருந்து கழன்றுவந்ததுதான் காரணம். உடையவில்லை பாருங்கள், கழன்றது. மென்மையான கேப் ஒவ்வொரு கடியிலும் தானே நெளிகிறது, அந்த நெளிவைச் சிமென்ட் இணைப்பு வாங்கிக்கொள்கிறது. ஒட்டும் முறையில் நடந்த குறைகளும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் விறைப்பு குறைந்தால் தகைவு மறைந்துவிடாது, இடம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதையே திருப்பினால் "விறைப்பான கேப் பல்லைக் கெடுக்குமா" என்ற பயத்துக்கும் பதில் கிடைக்கும். 200 நியூட்டனில் கடித்தால் 200 நியூட்டனும் வேர் வழியாகத் தாடை எலும்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கேப் எதுவாக இருந்தாலும் இது மாறாது. விறைப்பான கேப் அந்த விசையைப் பரப்பி இறக்குகிறது, அதனால் நேர்கீழே உள்ள சிமென்டுக்கும் டென்டினுக்கும் உச்சத் தகைவு கொஞ்சம் குறையவே செய்யும். அதிர்ச்சி தாங்கும் வேலையைச் செய்வது வேரைச் சுற்றியிருக்கும் தசைநார். கேப்பின் மென்மை அதன் பக்கத்தில் கூட நிற்க முடியாது. ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்க்கும் என்பது தனிக் குற்றச்சாட்டு, அதற்கும் விறைப்புக்கும் சம்பந்தமில்லை. தேய்ப்பது சொரசொரப்பு. நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா, போர்சிலினைவிட எனாமலைக் குறைவாகத்தான் தேய்க்கிறது. கடி சரிசெய்து அரைத்துவிட்டு மெருகேற்றாமல் விட்டால்தான் தொந்தரவு.

சூத்திரம் எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தட்டையான அடுக்குக்கு எழுதியது. கேப்போ தொப்பி வடிவம். கடிக்கும்போது அதன் விளிம்பு வளையம் விரியப் பார்க்கும், அங்கே சுற்றளவு நெடுக இழுவை எழும். நார்வேயின் பெர்கனில் மரிட் ஓய்லோ குழுவினர் வாயில் உடைந்த கேப்புகளை ஆராய்ந்தபோது, போர்சிலினுக்கு அடியில் இருக்கும் ஜிர்கோனியா அடித்தோடு உடைந்தவற்றில் பலவும் ஈறோரத்து விளிம்பிலிருந்தே தொடங்கியிருந்தன. விளிம்பைக் கத்திமுனையாக மெலிவாக்குவதும், அங்கே அரைத்த தழும்பை விட்டுவைப்பதும் இதனால்தான் ஆபத்து. ஜிர்கோனியா மேல் போர்சிலின் ஏற்றிய இரண்டடுக்குக் கேப்பில் கதை மறுபடி வேறு: விறைப்பான அடித்தோடு சுமையை எடுத்துக்கொள்வதால் முழு உடைப்பு அரிது, ஆனால் மேலே உள்ள போர்சிலின் சில்லுச் சில்லாகப் பெயரும். அதில் விறைப்பைவிட, சூளையிலிருந்து வேகமாகக் குளிர்விக்கும்போது உள்ளே உறைந்துபோகும் வெப்பத் தகைவுக்குத்தான் பங்கு அதிகம்.

உங்கள் பல்லுக்கு என் கருத்து: கடைவாய், ரெசின் கோர், இரவில் பல் கடிக்கும் பழக்கமும் இருந்தால் வழக்கமான வலுவான ஜிர்கோனியா, போர்சிலின் ஏற்றாமல் ஒரே கட்டியாக, மெல்லும் பரப்பின் குழியில் 1 மி.மீ.-க்குக் குறையாமல். அந்தப் பழக்கம் இல்லை, 1.5 மி.மீ. இடம் இருக்கிறது, அமிலம், சிலேன் (பீங்கானையும் ரெசினையும் பிணைக்கும் திரவம்) எல்லாம் முறையாக வைத்து ஒட்டுவார்கள் என்றால் லித்தியம் டைசிலிகேட்டும் நன்றாகவே ஓடும். இரண்டில் எதுவானாலும், கேப் வந்த அன்று சரியாக இறங்கவில்லை என்று உள்பக்கத்தை வைர பர் (வைரத் துகள் பதித்த அரைக்கும் முனை) வைத்து அரைக்க ஆரம்பித்தால் யோசியுங்கள். இழுவை உச்சமாக எழப்போகும் பரப்பு அதுதான். ஓரிரு இடத்தில், தண்ணீர் விட்டு, நுண்மையான பர் கொண்டு தொட்டால் பரவாயில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் அளவை மறுபடி எடுத்து, லேப்பில் புதிதாகச் செய்யச் சொல்வதே மேல்.